கியோங்ஜுவின் அரசக் கல்லறை மேடுகள்: எப்படிப் போவது, எந்த வரிசையில் பார்ப்பது

தென்கொரியாவின் தென்கிழக்கில் இருக்கிற கியோங்ஜு நகரத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது புல் போர்த்திய மேடுகள்தான். காபிக்கடையின் கொல்லைப்பக்கம் ஒன்று, பேருந்துச் சாலைக்கு எதிரே ஒன்று, குழந்தைகள் பந்து விளையாடும் திடலை ஒட்டி நாலைந்து. எல்லாம் சில்லா நாட்டு அரசர்களும் அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் புதைக்கப்பட்ட இடங்கள். மரபுக் கணக்குப்படி கி.மு. 57 முதல் கி.பி. 935 வரை, 56 பேர் ஆண்ட நாடு அது. கியோங்ஜுதான் கடைசிவரை தலைநகரம்.

இங்கே வருகிறவர்களில் பலர் அரைமணி நேரம் சுற்றி, படம் எடுத்துக்கொண்டு, "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் புல் மேடு புல் மேடுதான். பார்க்கும் வரிசையை மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும்: முதலில் ஒரு மேட்டின் உள்ளே போங்கள், பிறகு அதிலிருந்து எடுத்த பொருள்களைப் பாருங்கள், அதற்கப்புறம் திறக்கப்படாத மேடுகளுக்கு நடுவே நடங்கள். மறுநாள் ஊருக்கு வெளியே இருக்கிற பிற்காலக் கல்லறைகள். இந்த வரிசையில் போனால் சுமார் நானூறு ஆண்டு வரலாறு தானாகவே பிடிபடும்.

படி 1: மேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் படிக்காமல் போனால் பாதி பயணம் வீண்.

நகரத்துக்கு நடுவே இருக்கும் பெரிய மேடுகள் ஏறக்குறைய நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆறாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எழுந்தவை. கட்டிய முறை இப்படி: தரையிலோ ஆழமில்லாத குழியிலோ பெரிய மரஅறை ஒன்றை அமைப்பார்கள். அதற்குள் சவப்பெட்டி, தலைமாட்டில் படையல் பொருள்கள் அடங்கிய பெட்டகம். மரஅறையைச் சுற்றியும் மேலேயும் ஆற்றுக்கற்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். இந்தக் கற்குவையின் மேல் களிமண் பூச்சு, அதற்கு மேல் மண், மண்ணுக்கு மேல் புல். உள்ளே போக வழியோ வாசலோ கிடையாது.

வாசல் இல்லாததுதான் சில்லாவின் அதிர்ஷ்டம். பக்கத்து நாடுகளான கொகுர்யோ, பெக்சே இரண்டிலும் கல்லறைக்குள் செல்ல நடைபாதை வைத்துக் கட்டினார்கள். திருடர்கள் அதே பாதையில் போய்த் துடைத்தெடுத்துவிட்டார்கள். சில்லா மேட்டில் மேலிருந்து தோண்டினால் கல் சரிந்து விழுந்துகொண்டே இருக்கும். காலப்போக்கில் மரஅறை மக்கிப்போக, கற்குவை மொத்தமாக உள்ளே இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. பொருள்கள் நசுங்கின, ஆனால் தப்பின. அதனால்தான் இன்று உலகம் பேசும் சில்லாவின் தங்கம் நமக்குக் கிடைத்தது.

பெயர்ப்பலகையைப் படிக்க ஒரு சின்னக் குறிப்பு. பெயர் "ருங்" அல்லது "நுங்" என்று முடிந்தால் இன்ன அரசனுடையது என்று மரபு சொல்கிறது. "சோங்" என்று முடிந்தால் உள்ளே குறிப்பிடத்தக்க பொருள் கிடைத்தது, ஆனால் புதைக்கப்பட்டவர் யார் என்று தெரியாது. வெறும் எண்ணோடு "புன்" என்றிருந்தால் வரிசை எண் மட்டும். அரசன் பெயர் எழுதியிருக்கிறதே என்று அப்படியே நம்பிவிட வேண்டாம். பல மேடுகளுக்குப் பெயர் வந்தது 18-ஆம் நூற்றாண்டில்தான், அதுவும் ஊகத்தின் பேரில்.

படி 2: பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் தொடக்கத்தில் கல்லறைப் பூங்காவின் மதில் ஓரமாகச் செர்ரி பூக்கும், கூட்டமும் பூக்கும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை மழைக்காலம், ஆகஸ்டில் நம்மூர்ப் புழுக்கம். மேடுகளைச் சுற்றி நிழல் குறைவு என்பதால் கோடையில் குடையும் தண்ணீரும் இல்லாமல் நடப்பது கஷ்டம்.

என்னைக் கேட்டால் அக்டோபர் பிற்பாதியிலிருந்து நவம்பர் நடு வரை. புல் பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறும் நேரம். வெயில் சாய்வாக விழுவதால் மேடுகளின் வளைவு தெளிவாகத் தெரியும். சூசோக் எனும் அறுவடைத் திருநாள் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாள்களில் ரயில் சீட்டு கிடைப்பதே பெரும்பாடு.

படி 3: போய்ச் சேருங்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம். இணைய முன்அனுமதி விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்கொரியத் தலைநகர் சோலிலிருந்து (சியோல்) கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். கியோங்ஜு ரயில் நிலையம் ஊருக்கு மேற்கே தள்ளி இருக்கிறது. அங்கிருந்து நகரப் பேருந்திலோ டாக்சியிலோ ஊருக்குள் வர வேண்டும். பழைய பயணக் கட்டுரைகளில் இந்த நிலையத்துக்கு "சின்கியோங்ஜு" என்று பெயர் இருக்கும். ஊருக்கு நடுவே இருந்த பழைய நிலையம் 2021 கடைசியில் மூடப்பட்டுவிட்டது. "ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம்" என்று எங்காவது படித்தால் அது அந்தக் காலத்துக் குறிப்பு.

புசானிலிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்துதான் வசதி. ஒரு மணி நேரத்தில் கியோங்ஜு பேருந்து முனையத்தில் இறங்கலாம், அங்கிருந்து கல்லறைப் பூங்கா நடக்கும் தூரம். சோலிலிருந்தும் விரைவுப் பேருந்து உண்டு, நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு.

கூகுள் மேப்பை நம்பிக் கொரியாவில் நடக்க முடியாது. நேவர் மேப் அல்லது காக்காவோ மேப் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்கப் போகும் இடங்களின் பெயரைக் கொரிய எழுத்தில் செயலியிலேயே சேமித்து வைத்தால் டாக்சிக்காரரிடம் திரையைக் காட்டினாலே போதும். நம் உச்சரிப்பில் "ருங்" எது "நுங்" எது என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் இருட்டிவிடும். பேருந்துக்கு டி-மணி அட்டை. அதில் பணம் ஏற்றக் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்குப் பூங்காவைச் சுற்றியுள்ள ஹுவாங்நாம் பகுதி. ஓட்டுக்கூரை போட்ட ஹனோக் வீடுகள் பல விருந்தினர் விடுதிகளாக இருக்கின்றன. போமுன் ஏரிப்பக்கத்துப் பெரிய ஓட்டல்கள் குடும்பத்தோடு காரில் வருகிறவர்களுக்குச் சரி. நடந்து பார்க்க வருகிறவர்களுக்குத் தூரம்.

படி 4: முதல் நாள் காலை, மேட்டுக்குள்ளே

தேருங்வொன் பூங்காவிலிருந்து தொடங்குங்கள். மதில் சூழ்ந்த இந்த இடத்தில் 23 மேடுகள். 2023 மே முதல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சொன்மாச்சோங் கல்லறைக்குள் போக மட்டும் சீட்டு வாங்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குத் திறந்ததும் வேறு எங்கும் நிற்காமல் நேராக அங்கே போய்விடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்ந்தபின் உள்ளே மூச்சு விட இடம் இருக்காது.

சொன்மாச்சோங் தோண்டப்பட்ட கதையே சுவையானது. 1970-களின் தொடக்கத்தில் அதிபர் பார்க் சுங்-ஹீயின் அரசு கியோங்ஜுவைச் சுற்றுலா நகரமாக்கத் திட்டமிட்டது. அங்குள்ளவற்றில் மிகப் பெரிய இரட்டை மேட்டை, 98-ஆம் எண் கல்லறையை, தோண்டுவது நோக்கம். அவ்வளவு பெரிய மேட்டைக் கையாண்ட அனுபவம் அன்று கொரியத் தொல்லியலாளர்களுக்கு இல்லை. அதனால் ஒத்திகையாகப் பக்கத்திலிருந்த சிறிய 155-ஆம் எண் மேட்டை 1973-இல் தோண்டினார்கள். ஒத்திகைக்கு எடுத்த மேட்டிலிருந்தே தங்கக் கிரீடமும் 11,500-க்கும் மேற்பட்ட பொருள்களும் வந்தன. அந்த ஆண்டு கடும் வறட்சி. அரசன் கல்லறையைத் தோண்டியதால்தான் வானம் பொய்த்தது என்று ஊரார் முணுமுணுத்தார்களாம். கிரீடத்தை வெளியே எடுத்த அன்று இடி இடித்து மழை கொட்டியதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

தோண்டிய மேட்டை மூடாமல் உட்புறத்தைக் குடைந்து கூடமாக அமைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் எதிரில் கற்குவையின் வெட்டுமுகம். படி 1-இல் சொன்ன அடுக்குகளை ஒவ்வொன்றாக அங்கே அடையாளம் காணுங்கள்: மரஅறை எங்கே நின்றது, கல் எவ்வளவு கனம், மண் எங்கே தொடங்குகிறது. புதைக்கப்பட்டவர் கிழக்கே தலை வைத்துக் கிடந்தார். கிரீடம், இடைக்கச்சை, கைவளை, மோதிரம், வாள் எல்லாம் உடலில் அணிந்தபடி. தலைமாட்டுப் பெட்டகத்தில் கிடைத்ததுதான் கல்லறைக்குப் பெயர் தந்த ஓவியம் ("சொன்மா" என்றால் வானக் குதிரை). பூர்ச்ச மரப்பட்டைகளை அடுக்கித் தைத்த குதிரைச் சேணத்தின் தொங்குமடல் அது. அதில் வெள்ளைக் குதிரை ஒன்று காற்றில் பாய்கிறது. சில்லாக் கல்லறைகளில் ஓவியமே அபூர்வம் என்பதால் இதன் மதிப்பு இன்னும் அதிகம். குதிரையா, கொம்புள்ள கற்பனை விலங்கா என்று ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு.

கூடத்தில் இருப்பவை நகல்கள். அசல்கள் அருங்காட்சியகத்தில். அந்த ஓவியமோ ஒளி பட்டால் கெடும் என்பதால் எப்போதாவதுதான் வெளியே வரும். நகல்தானே என்று வேகமாகக் கடந்துவிடாதீர்கள்; இங்கே பார்க்க வேண்டியது அமைப்பு.

வெளியே வந்ததும் ஒத்திகை எதற்காக நடந்ததோ அந்த மேட்டுக்குப் போங்கள். ஹுவாங்நாம்தேச்சோங் என்பது அதன் இன்றைய பெயர். தெற்கும் வடக்குமாக இரண்டு மேடுகள் ஒட்டி நிற்கின்றன. மொத்த நீளம் 120 மீட்டர், உயரம் 23 மீட்டர் அளவில். 1973 முதல் 1975 வரை தோண்டி, மீண்டும் மூடிவிட்டார்கள். தெற்கே ஆண், வடக்கே பெண். மணிகளையும் சேர்த்து 58,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் வெளிவந்தன. இதில் விசித்திரம் என்னவென்றால், ஆணின் தலையில் இருந்தது தங்க முலாம் பூசிய வெண்கலக் கிரீடம். அசல் தங்கக் கிரீடம் கிடைத்தது பெண்ணிடம். தங்கக் கிரீடம் இருந்தால் அரசன் என்ற எளிய கணக்கு அங்கேயே உடைந்துபோனது. தெற்கு மேட்டில் இருப்பவர் நெமுல், சில்சொங், நுல்ஜி ஆகிய அரசர்களில் ஒருவர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கூடவே இளம்பெண் ஒருத்தியின் எலும்பும் பல்லும் கிடைத்தன. உடன் புதைக்கப்பட்டவளாக இருக்க வேண்டும். உயிர்ப்பலி கொடுத்துப் புதைக்கும் இந்த வழக்கத்தை ஜிஜுங் என்ற அரசன் 502-இல் தடைசெய்ததாக வரலாற்று நூல் சொல்கிறது.

பூங்காவுக்குள்ளேயே தனிச் சுற்றுமதிலோடு இருப்பது மிச்சு அரசனின் கல்லறை. கிம் குலத்திலிருந்து அரியணை ஏறிய முதல் அரசன் இவன். இவன் இறந்தபின் பகைவர் படையெடுத்து வந்தபோது, காதில் மூங்கில் இலை செருகிய வீரர்கள் எங்கிருந்தோ வந்து சண்டையிட்டு ஜெயித்துக் கொடுத்தார்கள். பிறகு பார்த்தால் ஆளைக் காணோம். மிச்சுவின் கல்லறைக்கு முன்னால் மூங்கில் இலைகள் மட்டும் குவிந்து கிடந்தன. கதைதான். ஆனால் இன்றும் அந்த மதிலோரம் மூங்கில் வளர்கிறது.

இரண்டு மேடுகளுக்கு நடுவே நிற்கும் மக்னோலியா மரத்தடியில் படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கும். அந்த நேரத்தில் பூங்காவை இன்னொரு சுற்று சுற்றலாம்.

படி 5: முதல் நாள் நடுப்பகல், சாலைக்கு அப்பால்

பூங்காவின் வடக்கு மதிலைத் தாண்டி, சாலையைக் கடந்தால் நோதொங், நோசொ பகுதிகள். இங்கே மதிலும் கட்டணமும் கிடையாது, கூட்டமும் குறைவு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

சில்லாவின் முதல் தங்கக் கிரீடம் 1921-இல் இங்கேதான் தற்செயலாகக் கிடைத்தது. கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது பொருள்கள் தட்டுப்பட, முறையான தொல்லியலாளர் யாரும் இல்லாமல் சில நாள்களிலேயே அள்ளி எடுத்துவிட்டார்கள். ஜப்பானியக் காலனி ஆட்சிக் காலத்தில் நடந்த அவசர வேலை. கும்குவான்சோங் என்ற அந்த இடத்தில் இப்போது காட்சிக்கூடம் எழுப்பியிருக்கிறார்கள். கற்களைக் குவிப்பதற்கு முன் எழுப்பிய மரச்சட்டகத்தை ஆளுயரத்துக்கு மேல் நிறுத்திக் காட்டுகிறார்கள். சொன்மாச்சோங்கில் வெட்டுமுகம் பார்த்தவர்களுக்கு, இங்கே கட்டுமான முறை முழுசாக விளங்கும். இந்தக் கல்லறையின் வாள் ஒன்றைச் சுத்தம் செய்தபோது "இசாஜி வாங்" என்ற பெயர் பொறித்திருப்பது 2013-இல் தெரியவந்தது. வாங் என்றால் அரசன். சில்லா அரசர் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை என்பதால் புதிர் கூடியதே தவிரக் குறையவில்லை.

சற்றுத் தள்ளி இருப்பது சொபோங்சோங். 1926-இல் நடந்த அகழ்வில் சுவீடன் பட்டத்து இளவரசர் குஸ்தாவ் அடால்ஃப் கலந்துகொண்டார். பின்னாளில் அந்நாட்டு மன்னரானவர், தொல்லியலில் உண்மையான ஆர்வம் கொண்டவர். பக்கத்தில் ஹோவூச்சோங், 1946-இல் விடுதலைக்குப் பின் கொரியர்கள் தாங்களாகவே தோண்டிய முதல் கல்லறை. கொகுர்யோ அரசன் குவாங்கெத்தோவின் பெயர் பொறித்த, 415-ஆம் ஆண்டைச் சேர்ந்த வெண்கலக் கிண்ணம் அங்கே கிடைத்தது. அண்டை நாட்டு அரசனின் கிண்ணம் சில்லாக் கல்லறைக்குள் எப்படி வந்தது என்பதே அன்றைய அரசியலைப் பற்றி நிறையச் சொல்கிறது.

எதிர்ப்பக்கத்தில் போங்ஹுவாங்தே. தனி மேடுகளில் மிகப் பெரியது, உயரம் சுமார் 22 மீட்டர். இதுவரை யாரும் தோண்டவில்லை. மேட்டின் மேலேயே பெரிய செல்கோவா மரங்கள் வேரூன்றி நிற்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மேட்டுக்கு முன் நிற்கும்போது, காலையில் பார்த்த வெட்டுமுகம் மனதில் ஓடும். சொன்ன வரிசையில் வந்ததன் பலன் இது.

அங்கிருந்து பூங்காவின் கிழக்கே சொக்செம் பகுதிக்கு வாருங்கள். 44-ஆம் எண் மேட்டின் மேல் கூரைக் கட்டடம் போட்டு, 2014 முதல் 2023 வரை கல் கல்லாகப் பிரித்து எடுத்தார்கள். புதைக்கப்பட்டவள் சிறுவயது இளவரசி என்பது ஆய்வாளர்களின் முடிவு. அவளோடு வைத்திருந்த பொருள்களில் பாதுக் எனும் பலகை விளையாட்டுக்கான கூழாங்கற்கள் எண்ணூறுக்கும் மேல், பொன்வண்டுச் சிறகு பதித்த குதிரை அணிகளும் உண்டு. 1970-களில் மொத்த மேட்டையும் ஓரிரு ஆண்டில் தோண்டியதையும், இங்கே ஒரு நடுத்தர மேட்டுக்கு ஒன்பது ஆண்டு எடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் தொல்லியல் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது விளங்கும்.

படி 6: முதல் நாள் பிற்பகல், அருங்காட்சியகம்

சொம்சொங்தே வானாய்வுக் கோபுரம், கேரிம் தோப்பு, வொல்சொங் கோட்டை மேடு வழியாகத் தெற்கே நடந்தால் கியோங்ஜு தேசிய அருங்காட்சியகம் வரும். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நேராகச் சில்லா வரலாற்றுக் கூடம். கிரீடங்களில் நிமிர்ந்து நிற்பவை மரக்கிளை வடிவமும் மான்கொம்பு வடிவமும். அவற்றில் தொங்குபவை முந்திரிக்கொட்டை வடிவத்தில் வளைந்த பச்சை ஜேட் கற்கள். தகடு எவ்வளவு மெல்லியது என்று கவனியுங்கள். தினம் தலையில் வைத்து நடமாடக் கூடிய பொருளா, அடக்கத்துக்காகவே செய்ததா என்பது தீராத விவாதம். பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டாவது கட்சியில் சேரத் தோன்றும்.

தெரிந்த சில்லாத் தங்கக் கிரீடங்கள் மொத்தம் ஆறு. வழக்கமாக எல்லாம் கியோங்ஜுவில் இருப்பதில்லை. ஹுவாங்நாம்தேச்சோங் கிரீடத்தைப் பார்க்கச் சோலின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 2025-இல் கியோங்ஜுவில் ஏபெக் மாநாடு நடந்ததையொட்டி ஆறையும் முதன்முறையாக ஒரே கூடத்தில் வைத்தார்கள். போகும்முன் எந்தக் கிரீடம் எங்கே என்று இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

கிரீடத்தோடு நின்றுவிடாமல் சின்னப் பொருள்களையும் தேடுங்கள். மிச்சு கல்லறைப் பகுதியில் கிடைத்த ஒற்றைக் கண்ணாடி மணி: நீலப் பரப்பில் மனித முகங்களும் பறவைகளும் பதித்திருக்கும், விரல்நுனி அளவுதான். கிழக்கு ஜாவாவில் செய்த மணிகளோடு இதை ஒப்பிடுகிறார்கள். கேரிம் சாலை 14-ஆம் கல்லறையின் தங்கக் குறுவாள் மத்திய ஆசியப் பாணி. ஹுவாங்நாம்தேச்சோங்கில் ரோமானியப் பாணிக் கண்ணாடிக் குடுவை கிடைத்தது. நமக்குத் தனி ஆர்வம் தரும் பொருளும் உண்டு: "இந்தோ-பசிபிக் மணி" எனப்படும், கண்ணாடிக் குழலை இழுத்து நறுக்கிச் செய்த குட்டி மணிகள் பழங்கொரியக் கல்லறைகளில் ஏராளம். இவ்வகை மணி செய்த பழைய மையங்களில் புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடும் ஒன்று. பிற்காலத்தில் தென்கிழக்காசியாவிலும் பல இடங்களில் செய்தார்கள் என்பதால், அங்கே காணும் மணி நம் ஊரிலிருந்து போனதென்று சொந்தம் கொண்டாட முடியாது. அந்தக் கைவினைமுறை கடல்வழியே பரவிய வழித்தடத்தின் வடகோடி அது என்று சொல்லலாம்.

இரவு உணவுக்குப் பின் தேருங்வொன் திரும்புங்கள். இரவு பத்து மணிவரை திறந்திருக்கும், பாதையோரம் விளக்கெரியும்.

படி 7: இரண்டாம் நாள், ஊருக்கு வெளியே

ஆறாம் நூற்றாண்டில் சில்லா மாறியது. 520-இல் சட்டத் தொகுப்பு, 527-இல் பௌத்தத்துக்கு அரச ஏற்பு. செல்வம் கல்லறையிலிருந்து கோயிலுக்குப் போனது. நகர நடுவில் பெரிய மேடு எழுப்புவது நின்றது. கல்லறைகள் மலைச்சரிவுகளுக்கு நகர்ந்தன. உள்ளே தங்கம் வைத்த காலம் போய், வெளியே கல் செதுக்கும் காலம் வந்தது. இரண்டாம் நாளில் பார்க்கப் போவது அதைத்தான்.

காலையில் மேற்கே சொவாக் மலையடிவாரத்தில் முயோல் அரசனின் கல்லறை. 661-இல் இறந்தவன், மூன்று நாடுகளை ஒன்றாக்கும் போரைத் தொடங்கியவன். யாருடையது என்று ஐயமின்றிச் சொல்லக் கூடிய மிகச் சில சில்லாக் கல்லறைகளில் இதுவும் ஒன்று. காரணம் நினைவுக்கல். கல்லின் நடுப்பகுதி போய்விட்டது, ஆமை வடிவப் பீடமும் டிராகன்கள் பின்னிய தலைப்பகுதியும் மிஞ்சின. தலைப்பில் அரசனின் பெயர் தெளிவாக இருக்கிறது. ஆமையின் கழுத்து முன்னோக்கி நீண்டிருக்கும். குனிந்து கால்விரல்களை எண்ணுங்கள்: முன்காலில் ஐந்து, பின்காலில் நான்கு. கல்லறைக்குப் பின்னால் சரிவில் நான்கு பெரிய மேடுகள் வரிசையாக ஏறுகின்றன. அங்கே பெரும்பாலும் தனியாகத்தான் நடப்பீர்கள்.

அங்கிருந்து டாக்சியில் சிறிது தூரம் போனால் தளபதி கிம் யூசினின் கல்லறை. மேட்டின் அடியைச் சுற்றிப் பன்னிரண்டு ராசி விலங்குகள், மனித உடலும் விலங்குத் தலையுமாக. ஒன்றில் தொடங்கி வரிசையாகச் சுற்றினால் உங்கள் பிறந்த ஆண்டுக்குரிய விலங்கைப் பிடித்துவிடலாம். பிள்ளைகள் கூட வந்தால் இந்த விளையாட்டு அவர்களைக் கட்டிப்போடும்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் ஓருங், ஐந்து மேடுகள் கொண்ட தோப்பு. சில்லாவைத் தொடங்கிய ஹியொக்கொசேவின் உடல் வானத்திலிருந்து துண்டுகளாக விழுந்தது, ஒன்றாகச் சேர்த்துப் புதைக்கவிடாமல் பாம்பு துரத்தியது, அதனால்தான் ஐந்து மேடு என்பது கதை. இடம் அழகு, கல்லறையாகப் பார்க்க அதிகமில்லை. நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம்.

விடக் கூடாதது வொன்சொங் அரசனின் கல்லறை. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சி செய்து, 798-இல் இறந்தவன். ஊருக்குத் தென்கிழக்கே, புல்குக்சா கோயிலுக்குப் போகும் திசையில்தான் இருக்கிறது என்பதால் இரண்டையும் ஒரே பிற்பகலில் முடிக்கலாம். 10, 11 எண் நகரப் பேருந்துகள் புல்குக்சாவுக்குப் போகும்; அங்கிருந்து கல்லறைக்கு டாக்சிதான் எளிது. பைன் மரங்களுக்கு நடுவே நீண்ட பாதை, இருபுறமும் கல் உருவங்கள்: தூண், காவலர், அதிகாரி, நான்கு சிங்கங்கள். காவலர்களின் முகத்தைப் பாருங்கள். ஆழக் கண், பெரிய மூக்கு, சுருள் தாடி, தலையில் பட்டை. மத்திய ஆசிய அல்லது பாரசீகச் சாயல் என்கிறார்கள். நேற்று அருங்காட்சியகத்தில் பார்த்த குறுவாளும் கண்ணாடியும் வந்த அதே திசையிலிருந்து, மூன்று நூற்றாண்டு கழித்து மனித முகங்களும் வந்துவிட்டன. சிங்கங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் தலையைத் திருப்பியிருக்கும். ஒன்று சிரிப்பது போலவே இருக்கும்.

படி 8: விருப்பமிருந்தால் கடலோரம்

முயோலின் மகன் முன்மு 681-இல் இறந்தான். உடலை எரித்துவிடுங்கள், கிழக்குக் கடலில் டிராகனாகி நாட்டைக் காப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான். போங்கில் கடற்கரையிலிருந்து சுமார் 200 மீட்டரில் அலைகளுக்கு நடுவே தெரியும் பாறைத்தீவு அவனுடைய இடம். அங்கே போக முடியாது, கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். கரையில் வேண்டுதல் சடங்கு செய்கிறவர்கள் மேளம் தட்டிக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். அருகே காமுன்சா கோயில் இடிபாட்டில் இரண்டு பெரிய கல் கோபுரங்கள். டிராகனாகிய தந்தை வந்து போவதற்காக மகன் சின்முன் கோயில் மண்டபத் தரைக்கு அடியில் வெற்றிடம் விட்டுக் கட்டினான். அந்தக் கற்களை இன்றும் பார்க்கலாம். போய்வர அரைநாள் ஆகும்.

நடந்துகொள்ளும் முறை

மேட்டின் மேல் ஏறக் கூடாது. புல் சரிவைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கால் பரபரக்கும், பிடித்துவையுங்கள். சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் அது. 2020 நவம்பரில் ஒருவர் சொக்செம் பகுதி மேட்டின் உச்சியில் காரையே நிறுத்திவிட்டுப் போக, நாடே கொதித்தது. கிம், பாக் குலத்தாருக்கு இவர்கள் முன்னோர். வசந்த காலத்தில் சந்ததியார் கூடி முறைப்படி சடங்கு செய்கிறார்கள். கல்லறைக்கு முன் இருக்கும் கல் மேசை படையலுக்கானது, உட்காருவதற்கு இல்லை.

சாப்பாடு

பூங்காவைச் சுற்றி சம்பாப் கடைகள் நிறைய: இலைகளில் சோறும் கறியும் வைத்து மடித்துச் சாப்பிடுவது, கூடவே பத்துப் பதினைந்து சின்னக் கிண்ணங்கள். சைவர்களுக்குச் சிரமம்தான். காய்கறிக் கிண்ணத்திலும் மீன்சாறு கலந்திருக்கலாம். கறியும் முட்டையும் வேண்டாம் என்று கொரிய மொழியில் எழுதி வைத்துக்கொண்டு பிபிம்பாப் கேட்பது ஓரளவு பாதுகாப்பு. ஹுவாங்நாம் ரொட்டி எனும் சிவப்புப் பயறு பூரணம் வைத்த பலகாரம் 1939 முதல் இந்த ஊரில் விற்கிறது. சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள்.

கிம்ஹேயையும் சேர்ப்பதென்றால்

புசான் பக்கம் போகிறவர்கள் கிம்ஹேயில் சூரோ அரசனின் கல்லறையையும் அரசி ஹோ ஹுவாங்-ஓக்கின் கல்லறையையும் பார்க்கலாம்; புசான்-கிம்ஹே இலகு ரயிலில் சூரோ கல்லறைக்கென்றே நிறுத்தம் உண்டு. இது சில்லா அன்று, காயா நாடு. கி.பி. 48-இல் "ஆயுதா" நாட்டிலிருந்து கடல்வழி வந்த இளவரசி என்று 13-ஆம் நூற்றாண்டு நூலான சம்குக் யூசா சொல்கிறது. அயோத்தி என்கிறார்கள் ஒரு சாரார். கன்னியாகுமரிப் பக்கம் என்று நம்மவர்கள் ஒரு சாரார். சொல்லப்படும் நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டு இடைவெளி; இரண்டு கட்சிக்கும் அந்தக் காலத்துக் கல்வெட்டுச் சான்று இல்லை. கதையைக் கதையாகக் கேட்டுக்கொண்டு, அருகிலிருக்கும் தெசொங்-தொங் கல்லறைக் குன்றில் நேரத்தைச் செலவிடுங்கள். 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஏழு காயாக் கல்லறைத் தொகுதிகளில் அதுவும் ஒன்று. உள்ளே கிடைத்த இரும்புதான் காயாவின் உண்மையான பெருமை.

ஒரே நாள்தான் இருக்கிறதென்றால்

காலை ஒன்பதுக்குச் சொன்மாச்சோங், பத்தரைக்குக் கும்குவான்சோங்கும் போங்ஹுவாங்தேவும், மதியம் அருங்காட்சியகம், மூன்று மணிக்கு டாக்சி பிடித்து வொன்சொங் கல்லறை. சொக்செம், கிம் யூசின், ஓருங், கடற்கரை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். புல்குக்சாவையும் அன்றே பார்த்துவிட ஆசைப்படாதீர்கள். ஒரே நாளில் அதற்கு நேரம் போதாது. சோலுக்கு மாலை ரயிலில் சீட்டு முன்பதிவு செய்திருந்தால், வொன்சொங் கல்லறையிலிருந்து ரயில் நிலையம் ஊரின் மறுபக்கம் என்பதை மனதில் வைத்து ஒரு மணி நேரம் கூடுதலாக விட்டுக் கிளம்புங்கள்.